இழுவை குறைந்த சக்திமான்: பழைய இராணுவ லாரி ஒன்றின் நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

இராணுவம் கழித்துவிட்ட லாரியை வாங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது உதிரிபாகம் கிடைக்குமா என்பதைத்தான். சில ஆண்டுகள் ஓட்டிய பிறகு அவர்களே கேட்பது, வண்டி ஏன் முன்போல் இழுக்கவில்லை என்பது. இராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபத்திற்கும் உச்சிப்புளிக்கும் இடைப்பட்ட கரையோரத்தில் படகுகளைக் கரையேற்றவும், தண்ணீர்த் தொட்டியும் உப்பு மூட்டையும் ஏற்றவும் நான் வைத்திருக்கும் சக்திமான் லாரியில் அந்த இரண்டாவது கேள்விக்கு விடை தேடிய விவரத்தையே இங்கு விரிவாக எழுதுகிறேன். வண்டியின் மற்றக் குணங்கள் அதனூடே வரும்.

சக்திமான், ஜெர்மனியின் மான் நிறுவனத்தின் உரிமத்தின் பேரில் 1959-இல் நம் நாட்டில் தயாரிக்கத் தொடங்கப்பட்டு, பின்னர் 1969-இல் நிறுவப்பட்ட ஜபல்பூர் வாகனத் தொழிற்சாலையிலிருந்து நெடுங்காலம் வெளிவந்த வண்டி. அதன் இடத்தை ஸ்டாலியன் என்ற லாரி பிடித்துக்கொண்ட பிறகு பழைய வண்டிகள் ஏலத்தின் வழியாக வெளியாட்களின் கைக்கு வந்தன. நீண்ட மூக்கு, ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சின், நான்கு சக்கர இழுவை, வரிசையில் அமைந்த இன்லைன் டீசல் பம்பு. டர்போவும் கிடையாது, கணினியும் கிடையாது. ஒரு கோளாறை ஸ்பேனரையும் கண்ணையும் காதையும் வைத்துக்கொண்டே கண்டுபிடிக்கலாம் என்பது இதன் பெரிய வசதி. கேபினின் சூடும் சத்தமும் பழகிப்போகும்; டீசல் செலவு பழகுவதில்லை. இரும்பு கனமானதுதான், ஆனாலும் உப்புக்காற்றுக்கு முன்னால் எந்த இரும்பும் பெரிதில்லை.

கோளாறு இப்படித்தான் தெரிந்தது. ஸ்டார்ட் எடுப்பதில் குறையில்லை; ஐடிலிங் சீராக இருந்தது; நின்ற இடத்தில் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் எஞ்சின் தங்குதடையின்றிச் சுற்றியது. ஆனால் பாரத்தோடு மூன்றாம் கியரில் போகும்போது, கால் முழுக்க மிதித்திருக்கையிலேயே வேகம் மெல்ல மெல்ல இறங்கியது. கியரைக் குறைத்தால் பிழைத்துக்கொண்டது. அப்போதும் புகைக்குழாயில் கரும்புகை இல்லை. இந்தக் கடைசிக் குறிப்பைப் பெரும்பாலோர் பொருட்படுத்துவதில்லை. 'எஞ்சின் தேய்ந்துவிட்டது, போரிங் செய்ய வேண்டும்' (தேய்ந்த சிலிண்டர்களைக் கடைந்து சீராக்குவது) என்றும், 'பம்பைக் கழற்றி அனுப்புங்கள்' என்றும் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். பழைய இராணுவ வண்டிகளில் கை பழகிய ஒரு முதிய மெக்கானிக் மட்டும் புகைக்குழாயைப் பார்த்துவிட்டு, "பாரத்துல திணறுது, ஆனா கரும்புகை இல்ல. அப்ப டீசல் போய்ச் சேரலைன்னு அர்த்தம், முதலாளி. பசியில கிடக்குற எஞ்சினுக்கு போரிங் எதுக்கு?" என்றார். அதன் பிறகு நான் செய்த சோதனைகள் எல்லாம் அந்த ஒரு வரியின் விரிவுதான்.

டீசலைத் தொடுவதற்கு முன், குறைவது எஞ்சினின் சக்தியா அல்லது வண்டியைப் பின்னுக்கு இழுக்கும் வேறு ஏதேனும் உண்டா என்பதைப் பிரித்தறிய வேண்டியிருந்தது. எங்கள் பகுதியில் இதற்கு இரண்டு தனித் தொல்லைகள் உண்டு. ஒன்று மணல்: படகு இழுக்கப் போகும்போது சக்கரங்களின் காற்றைக் குறைத்துக்கொள்வோம், திரும்பும்போது நிரப்பாமல் தார்ச்சாலையில் ஏறினால், எந்த எஞ்சினுமே சோர்ந்ததுபோல்தான் தோன்றும். மற்றொன்று காற்று: கச்சான் பலமாக வீசும் மாதங்களில், உயரமாகப் பாரம் ஏற்றிய லாரி காற்றை எதிர்த்துப் போகும்போது இழக்கும் வேகம் கொஞ்சநஞ்சமன்று. எனவே ஒரே சாலையில், ஒரே பாரத்தோடு, போகும் திசையிலும் வரும் திசையிலும் ஓட்டிப் பார்த்தால் ஒழிய எந்த முடிவுக்கும் வரக் கூடாது. மாவட்டமே சமதரையாக இருப்பதால் ஏற்றத்தில் சோதிப்பதற்கும் பெரிதாக இடமில்லை. 1988-இல் திறக்கப்பட்ட பாம்பன் சாலைப் பாலம், கப்பல் போக்குவரத்துக்காக நடுவில் உயர்த்திக் கட்டப்பட்டிருப்பதால், எனக்கு அதுவே மலைப்பாதை. பாரத்தோடு எந்த கியரில் பாலத்தின் உச்சியைக் கடக்கிறோம் என்பதைக் குறித்து வைத்துக்கொண்டால், ஒவ்வொரு பழுதுபார்ப்புக்குப் பின்னும் ஒப்பிட்டுப் பார்க்க நம்பகமான அளவுகோல் கிடைத்துவிடும்.

சமதரையில் நியூட்ரலில் விட்டு வண்டி எவ்வளவு தூரம் தானாக உருள்கிறது என்று பார்த்ததிலும், ஓட்டம் முடிந்ததும் சக்கர ஹப்புகளைத் தொட்டுப் பார்த்ததிலும், பின்பக்கம் ஒரு டிரம் மட்டும் கை வைக்க முடியாத சூட்டில் இருந்தது. பிரேக் ஷூ துருவில் ஒட்டிக்கொண்டு முழுவதுமாக விலகாமல் நின்றிருந்தது. அதைச் சரிசெய்ததும் வண்டி இலேசானதே தவிர, பாலத்தின் உச்சியை அதே பழைய கியரில்தான் கடந்தது. கிளட்ச் நழுவினால் எஞ்சின் சுற்று ஏறி வேகம் ஏறாது. இங்கே இரண்டும் சேர்ந்தே இறங்கியதால் கிளட்சைச் சந்தேகிக்க இடமில்லை. ஒருவர் ஆக்ஸிலரேட்டரைத் தரையோடு மிதிக்க, மற்றொருவர் பானெட்டைத் திறந்து பம்பின் லிவர் கடைசி ஸ்டாப் ஸ்குரூவைத் தொடுகிறதா என்று பார்ப்பது, காசு செலவில்லாத சோதனை. தேய்ந்த புஷ் காரணமாக என் வண்டியில் சிறிது இடைவெளி விட்டிருந்தது. எண்ணெய்க் குளியல் வகை ஏர் ஃபில்டரில் கரித்தூள் களியாக உறைந்திருந்தது. சீமைக்கருவேலங்கரி மூட்டங்களுக்கு அருகில் ஓடும் வண்டிகளில் இது எதிர்பார்க்கக்கூடியதே. இவை அனைத்தையும் சரிசெய்த பிறகும் அடிப்படைக் குறை அப்படியே இருந்தது.

இனி டீசல் பாதை. இன்லைன் பம்பில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஓர் எலிமென்ட், அதாவது டீசலை அழுத்தி அனுப்பும் சிறு பம்பு, உண்டு. அவை அனைத்துக்கும் பொதுவான உள்அறையிலிருந்துதான் டீசலை எடுத்துக்கொள்கின்றன. ஃபீட் பம்பு அந்த அறைக்கு டீசலைத் தள்ள, மறுமுனையில் உள்ள ஓவர்ஃப்ளோ வால்வு ஏறத்தாழ ஒன்று முதல் ஒன்றரை பார் வரை அழுத்தத்தைத் தக்கவைத்து, மிச்சத்தைத் தொட்டிக்குத் திருப்பிவிடுகிறது. ஐடிலிங்கில் எலிமென்ட்டுகளுக்குத் தேவைப்படுவது சொற்பம் என்பதால் அறையில் அழுத்தம் குறைந்திருந்தாலும் எஞ்சின் சீராகவே ஓடும். பாரத்தில் தேவை பலமடங்காகும்போதுதான் எலிமென்ட் முழுமையாக நிரம்பாமல் போகிறது. அளவு குறைந்த டீசல் குறைவின்றி எரிந்துவிடுவதால் புகை வருவதில்லை, சக்தியும் வருவதில்லை. நின்ற இடத்தில் நன்றாகச் சுற்றும் எஞ்சின் பாரத்தில் படுத்துவிடுவதன் காரணம் இதுவே.

ஃபீட் பம்புக்கு உறிஞ்சும் பக்கத்தில் ஒரு முழ நீளம் தெளிவான பிளாஸ்டிக் குழாயைத் தற்காலிகமாக மாட்டினேன். எஞ்சின் வேகமெடுக்கும்போது மிளகளவு காற்றுக்குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து, பின்னர் சரமாக நீண்டன. உறிஞ்சும் பக்கத்தில் ஓட்டை இருந்தால் டீசல் வெளியே கசிவதில்லை. காற்றுதான் உள்ளே போகிறது. எனவே ஈரம் தேடிக் குழாயைத் தடவிக்கொண்டிருப்பதில் பயனில்லை. தொட்டியைத் தவிர்த்துவிட்டு, கேபினில் கட்டிவைத்த கேனிலிருந்து நேராக ஃபீட் பம்புக்கு டீசல் கொடுத்து ஓட்டியபோது வண்டிக்குப் பாதி உயிர் திரும்பியது. ஆகக் கோளாறின் ஒரு பகுதி தொட்டிக்கும் ஃபீட் பம்புக்கும் இடையில் என்பது உறுதியாயிற்று.

அதற்கு முன்பே ஒரு துப்பு கிடைத்திருந்தது. டீசல் நிரப்பிய கையோடு வண்டி நன்றாக இழுக்கும். தொட்டி பாதிக்குக் கீழே இறங்கியதும் சோரும். பங்க்கில் கலப்படம் என்று ஓட்டுநர் சொல்லிக்கொண்டிருந்தார். உண்மையில், தொட்டிக்குள் இறங்கும் உறிஞ்சுகுழாய், டீசலும் காற்றும் சந்திக்கும் மட்டத்தில் துருவேறி ஊசித்துளைகளாக அரித்திருந்தது. தொட்டி நிறைந்திருக்கும்போது அந்தத் துளைகள் டீசலில் மூழ்கியிருக்கும். மட்டம் இறங்கியதும் அவற்றின் வழியாகக் காற்று ஏறும். கடலோரத்து ஈரக்காற்று, பாதி காலியான தொட்டிக்குள் இரவில் குளிர்ந்து நீராக மாறித் துருவை வளர்க்கிறது. அடியில் தேங்கும் நீருக்கும் டீசலுக்கும் இடையே நுண்ணுயிர்கள் வளர்ந்து, வழுவழுப்பான கசடாகி வடிகட்டியை அடைக்கும். என் தொட்டியின் அடியில் அள்ளியது பழுப்புநிறச் சேறு. தொட்டி மூடியின் மூச்சுத்துளையும் அடைத்திருந்தது. அது அடைத்தால் தொட்டிக்குள் வெற்றிடம் உண்டாகி, ஓட ஓட இழுவை குறையும். மூடியைத் தளர்த்திவிட்டு ஓட்டிப் பார்ப்பது அதற்கான எளிய சோதனை.

உறிஞ்சுகுழாயைப் புதிதாகச் செய்து, தொட்டியைக் கழுவி, ரப்பர் குழாய்களையும் குழாய்களை இணைக்கும் துளையுள்ள பேஞ்சோ போல்ட்டுகளின் செப்பு வாஷர்களையும் மாற்றினேன். ரப்பர் விஷயத்தில் ஒரு செய்தி. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பி.எஸ். 6 என்ற மாசுக்கட்டுப்பாட்டுத் தரத்துக்கான டீசல் வந்தபோது கந்தகத்தின் உச்சவரம்பு 50 பிபிஎம்மிலிருந்து (பத்து லட்சத்தில் 50 பங்கு) 10 பிபிஎம்மாகக் குறைந்தது. பழைய வகை டீசலில் பல்லாண்டு ஊறிய நைட்ரைல் ரப்பர் வளையங்கள், டீசலின் தன்மை மாறும்போது சுருங்கிக் காற்றுக்கு வழிவிடக்கூடும். ஆகவே ஃபீட் பம்பின் ஓ-ரிங்குகளைப் பார்வைக்கு நன்றாக இருக்கின்றன என்று விட்டுவைக்காமல் மாற்றிவிடுவதே மேல், விலையும் சொற்பம்.

குமிழி நின்றது, ஆனாலும் முழு இழுவை இல்லை. பம்பின் உள்அறையில் அழுத்தமானியை இணைத்துப் பார்த்தபோது, ஐடிலிங்கில் ஓரளவு காட்டிய முள், பாரத்தில் ஏறக்குறைய சுழிக்கே இறங்கியது. வடிகட்டி புதிது. திரும்பும் குழாயைச் சில நொடிகள் மட்டும் இடுக்கியால் நெரித்துப் பார்த்தபோது முள் உயர்ந்து, எஞ்சினின் ஓசையும் தடித்தது. ஃபீட் பம்பு தள்ளும் டீசல் உள்ளே தங்காமல் ஓவர்ஃப்ளோ வால்வு வழியாகத் தொட்டிக்கே திரும்பிக்கொண்டிருந்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். வால்வைக் கழற்றிப் புதியதோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பழையதன் ஸ்பிரிங் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குக் குட்டையாகியிருந்தது. குண்டு அமரும் இடத்தில் பள்ளம் விழுந்திருந்தது. விரல்நுனி அளவேயான அந்த வால்வுக்காகத்தான் பம்பு முழுவதையும் கழற்றி அனுப்பச் சொன்னார்கள்.

வால்வை மாற்றியபின் பாலத்தில் ஒரு கியர் மிச்சமானது. கூடவே புதிதாக ஒன்று நேர்ந்தது: ஏற்றத்தில் கரும்புகை. முன்பு டீசல் போதாமல் மறைந்திருந்த குறை இப்போது வெளிப்பட்டது. டீசலுக்கு ஏற்ற காற்று உள்ளே வரவில்லை, அல்லது எரிந்த காற்று வெளியேறவில்லை. ஏர் ஃபில்டர் சுத்தமாக இருந்ததால் சைலன்சரை மரச்சுத்தியலால் தட்டிப் பார்த்தேன். உள்ளே தகடு அசையும் சத்தம் கேட்டது. முன்குழாயின் இணைப்பைக் கழற்றிவிட்டுச் சிறிது தூரம் ஓட்டியபோது காதைப் பிளக்கும் சத்தத்தோடு இழுவை முழுமையாகத் திரும்பியது. வெட்டிப் பார்த்ததில், உப்பில் அரித்த உள்தடுப்பு ஒன்று சாய்ந்து வழியை மறித்திருந்தது. வெளியில் வண்ணம்கூட உரியவில்லை.

இவ்வளவுக்கும் பிறகுதான் ஓடும் எஞ்சினில், சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசில்களுக்குப் போகும் குழாய்களின் நட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தி, எந்த சிலிண்டரில் ஐடிலிங் இறங்கவில்லை என்று பார்த்தேன். ஐந்தில் ஒரேமாதிரி இறங்கியது, ஒன்றில் சற்றுக் குறைவாக. டேப்பெட் இடைவெளியை (எஞ்சின் வால்வுகளைத் திறக்கும் பாகத்தில் விடும் இடைவெளி) சரிசெய்ததும் அந்த வேறுபாடும் பெரும்பாலும் மறைந்தது. இந்த நட்டுகளைத் தளர்த்தும்போது முகத்தையும் கையையும் விலக்கி வைத்திருக்க வேண்டும். பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும் அளவுக்கு அழுத்தம் கொண்டது. பம்பின் டைமிங் மாறியிருந்தால் ஸ்டார்ட் கடினமாகும், வெண்புகை வரும், அல்லது எஞ்சின் தட்டும். மூன்றும் இல்லாததால் அதைத் தொடவில்லை.

இழுவை குறைந்ததும் பம்பின் உச்ச அளவு ஸ்குரூவைத் திருகி டீசலைக் கூட்டிவிடும் வழக்கம் நம் பட்டறைகளில் பரவலாக உண்டு. எனக்கு அதில் சிறிதும் உடன்பாடில்லை. காற்று போதாத எஞ்சினில் டீசலைக் கூட்டினால் சக்தி உயர்வதைவிடப் புகையும் வெப்பமும்தான் உயரும். பிஸ்டன் தலை உருகுவது வரை அது போகும். அமெரிக்க இராணுவத்தின் எம்35 ஏ2 லாரிகளின் பல எரிபொருள் எஞ்சினில், எரிபொருளின் அடர்த்திக்கேற்ப டீசல் அளவை மாற்றும் ஒரு கருவியே பம்போடு இருந்தது; வயதான வண்டிகளில் அந்தக் கருவியின் கோளாறே இழுவை குறைவதற்குக் காரணமாவதுண்டு. வண்டி எந்த நாட்டினுடையதானாலும் ஸ்குரூவுக்கு முன்னால் பார்க்க வேண்டியவை நிறைய இருக்கின்றன.

இப்போது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான மீன்பிடித் தடைக்காலத்தில், படகுகளைப் பழுதுபார்ப்பதற்காகக் கரையேற்றும் நெருக்கடியான வேலைக்கு இதே லாரிதான் போகிறது. தடைக்காலம் தொடங்குமுன் தொட்டியின் வடிகாலைத் திறந்து நீரை எடுக்கிறேன். இரவில் தொட்டியை நிறைத்தே நிறுத்துகிறேன். உப்புமணலில் இறங்கிவந்த அன்றே நல்ல தண்ணீரால் அடிப்பாகத்தையும் பிரேக் டிரம்களையும் கழுவுகிறேன். அழுத்தமானியைக் கழற்றவில்லை, டாஷ்போர்டில் நிரந்தரமாகவே பொருத்திவிட்டேன். உதிரிபாகங்களைப் பொறுத்தவரை பேரிங், சீல், வாஷர் போன்றவற்றை அளவும் எண்ணும் சொல்லி எந்த ஊரிலும் வாங்கலாம். கியர்பெட்டிக்கும் டிரான்ஸ்ஃபர் பெட்டிக்கும் உரியவற்றுக்கு உடைத்த வண்டிகளைத்தான் தேட வேண்டும். ஆகவே வாங்க நினைப்பவர் அந்த இரண்டு பெட்டிகளின் எண்ணெயை வடித்து, உலோகத்தூள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு விலை பேசட்டும். எஞ்சின் இழுக்கவில்லை என்பதற்காக மட்டும் விலை குறைத்துக் கொடுக்கிறார்கள் என்றால் தயங்காமல் வாங்கலாம்.