பழைய கணினிக்குக் கெர்னல் அமைத்தல்: புதிய லினக்ஸா, நெட்பிஎஸ்டியா, அக்காலத்து 2.4-ஆ?

என் மேசையில் இருக்கும் சோதனை இயந்திரம் 66 மெகாஹெர்ட்ஸில் ஓடும் ஒரு 486டிஎக்ஸ்2. 16 எம்பி நினைவகம், ஒரு ஐடிஇ வன்தட்டு, அட்டைகளை இணைக்கும் ஐஎஸ்ஏ என்ற பழைய பஸ்ஸில் செருகப்பட்ட என்இ2000 வகை நெட்வொர்க் அட்டை ஒன்று. அதன் சொத்து அவ்வளவே. இதற்கு இன்று ஒரு கெர்னலை, அதாவது இயங்குதளத்தின் மையநிரலை, மூலத்திலிருந்து தொகுத்து ஏற்ற வேண்டுமானால் நடைமுறையில் மூன்று வழிகள் உள்ளன. நீண்டகால ஆதரவுள்ள 6.12 போன்ற புதிய லினக்ஸ் கெர்னலைச் செதுக்கிச் சிறிதாக்குவது முதல் வழி. நெட்பிஎஸ்டி என்ற திறந்தமூல இயங்குதளத்தின் ஜெனரிக் எனும் பொதுவான கெர்னல் அமைப்புக் கோப்பைப் படியெடுத்துத் திருத்துவது இரண்டாவது. அந்த வன்பொருள் புழக்கத்தில் இருந்த காலத்தை ஒட்டிய லினக்ஸ் 2.4-க்கே திரும்பிவிடுவது மூன்றாவது.

இத்தகைய ஒப்பீடுகளில் பெரும்பாலும் கெர்னலின் அளவே முதலில் பேசப்படுகிறது. அளவு முக்கியம்தான், ஆனால் அதைவிட முந்திய கேள்வி ஒன்று உண்டு. ஐஎஸ்ஏவுக்குப் பின் வந்த பிசிஐ பஸ்ஸில் உள்ள ஒவ்வொரு கருவியும் தன் தயாரிப்பாளர் எண்ணையும் கருவி எண்ணையும் கேட்டவுடன் சொல்லிவிடும். ஐஎஸ்ஏ அட்டைகளில் பெரும்பாலானவை வாய் திறப்பதில்லை. எந்தப் போர்ட் முகவரியில் இருக்கிறோம், எந்த ஐஆர்க்யூவில் (குறுக்கீட்டு எண்ணில்) மணி அடிப்போம் என்பதெல்லாம் அட்டையின் மேலிருக்கும் ஜம்பர் எனும் சிறு இணைப்பான்களுக்கும் அவற்றை வைத்தவருக்கும் மட்டுமே தெரியும். ஆகவே அந்தத் தகவலைக் கெர்னலின் அமைப்புக் கோப்பில் எழுதிவைக்க இடம் இருக்கிறதா, அல்லது கெர்னல் தானாகத் துழாவிக் கண்டுபிடிக்கும் என்று நம்பியிருக்க வேண்டுமா என்பதே இந்த மூன்று வழிகளையும் பிரிக்கும் கோடு என்று கருதுகிறேன்.

என்இ2000 அட்டையையே எடுத்துக்கொள்வோம். என்னிடம் உள்ள அட்டையின் ஜம்பர்கள் அந்த வகைக்குரிய பழைய வழக்கப்படியே, பதினாறடிமானத்தில் 300 என்ற போர்ட்டிலும் ஐஆர்க்யூ 3-இலும் வைக்கப்பட்டிருந்தன. இரண்டாவது சீரியல் போர்ட்டான காம்2-உம் அதே ஐஆர்க்யூ 3-ஐத்தான் பயன்படுத்துகிறது என்பது இதில் உள்ள பழைய சிக்கல்.

நெட்பிஎஸ்டியின் ஐ386 ஜெனரிக் கோப்பில் இந்த வகை அட்டைக்கு வரிகள் ஏற்கெனவே உள்ளன. முதல் அட்டை 280 என்ற போர்ட்டில் ஐஆர்க்யூ 9, இரண்டாவது அட்டை 300 என்ற போர்ட்டில் ஐஆர்க்யூ 10 என்று அவை வெளிப்படையாகச் சொல்கின்றன. கெர்னல் ஏறும்போது 300-இல் அட்டை இருப்பதைக் கண்டு, அதன் ஈதர்நெட் முகவரியையும் திரையில் காட்டியது. எல்லாம் சரியாக இருப்பதாகவே தோன்றியது. ஆனால் முதல் பாக்கெட்டை அனுப்பியதும் கருவி பதிலளிக்கவில்லை என்ற செய்தி சில நொடிகளுக்கு ஒருமுறை வரத் தொடங்கியது. கெர்னல் 10-ஆம் வாசலில் காத்திருக்க, அட்டையோ 3-ஆம் வாசலைத் தட்டிக்கொண்டிருந்தது. திருத்தம் எளிது: அந்த வரியில் 10-ஐ 3 ஆக்கி, காம்2-க்கான வரியின் தலையில் ஒரு குறியிட்டு அதை விலக்கினேன். அதன்பின் அந்தக் கோப்பே இயந்திரத்தின் வரைபடமாகிவிட்டது. ஆறு மாதம் கழித்து யார் திறந்து பார்த்தாலும் எந்த அட்டை எங்கே அமர்ந்திருக்கிறது என்று புரியும்.

லினக்ஸ் வேறு வழியில் செல்கிறது. அங்கே கெர்னல் அமைப்பில் நாம் சொல்வது, இந்த டிரைவர் (கருவியை இயக்கும் நிரல்) வேண்டும் அல்லது வேண்டாம் என்பதை மட்டுமே. அது எங்கே இருக்கிறது என்பதை எழுத அமைப்புக் கோப்பில் இடம் இல்லை. டிரைவரைக் கெர்னலுக்குள்ளேயே சேர்த்துவிட்டால், அது 300, 280, 320 என்று ஒரு பட்டியலில் உள்ள முகவரிகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கும். அட்டையைக் கண்டதும் அதை வேண்டுமென்றே ஒரு குறுக்கீடு எழுப்பச் செய்து, எந்த ஐஆர்க்யூ அசைந்தது என்று கவனித்து எண்ணைத் தெரிந்துகொள்ளும். இந்த உத்தி உண்மையில் அழகானது. என் அட்டையும் கேள்வியே இல்லாமல் முதல் முறையிலேயே வேலை செய்தது. சீரியல் டிரைவர் தன் ஐஆர்க்யூவைப் போர்ட் திறக்கப்படும்போதுதான் கைப்பற்றும் என்பதால் காம்2-உடனான மோதல் வெளியே தெரியவில்லை. பல வாரங்கள் கழித்துக் காம்2-இல் ஒரு மோடத்தை இணைத்துத் திறக்க முயன்றபோதுதான், வளம் ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது என்ற மறுப்பு வந்தது. நெட்பிஎஸ்டி முதல் நாளே முகம் சுளித்த இடத்தில் லினக்ஸ் சிரித்துப் பேசிப் பிரச்சினையைத் தள்ளிப்போட்டது என்றே சொல்வேன். மேலும், துழாவும் செயலே வேறொரு அட்டையை உறையச் செய்யக்கூடும். அதனால்தான் சில முகவரிகளைத் தொடாதே என்று லினக்ஸுக்குப் பூட் வரியில் தனியாகச் சொல்லும் வசதி வைத்திருக்கிறார்கள். டிரைவரைப் பிறகு தனியே ஏற்றும் மாட்யூலாக வைத்தால் இந்தத் துழாவல் கிடையாது. போர்ட் முகவரியை நாமே கொடுத்தாக வேண்டும்.

அமைப்புக் கோப்புகளின் இயல்பிலும் ஒரு வேறுபாடு உண்டு. புதியவர்கள் பலர் இதில் தடுக்கி விழுகிறார்கள். நெட்பிஎஸ்டியில் வரியின் தலையில் இட்ட எண்குறி (#) உண்மையான குறிப்புரை. அந்த வரி இல்லாததாகவே கருதப்படும். லினக்ஸின் கோப்பில் அதே குறியுடன் தொடங்கி, இது அமைக்கப்படவில்லை என்று சொல்லும் வரி குறிப்புரை அன்று. வேண்டாம் என்ற தெளிவான விடை அது. தேவையற்றதென்று அந்த வரியை அழித்துவிட்டால், அடுத்த தொகுப்பின்போது கெர்னல் அந்தக் கேள்வியை மீண்டும் கேட்கும், அல்லது தன் இயல்பு விடையை அங்கே போட்டுக்கொள்ளும். இயல்பு விடை ஆம் என்றிருந்தால், விலக்கியதாக நினைத்தது திரும்ப உள்ளே வந்துவிடும். அத்துடன், லினக்ஸின் பட்டியல் திரையில் ஒரு தெரிவு எதைச் சார்ந்திருக்கிறதோ அது இல்லையென்றால், அந்தத் தெரிவே கண்ணில் படாது. ஐஎஸ்ஏ ஆதரவைத் தேர்ந்தெடுக்காதவர் என்இ2000-ஐ எவ்வளவு தேடினாலும் காணமாட்டார். சாய்கோட்டு விசையை அழுத்திப் பெயரால் தேடினால்தான் அது எதைச் சார்ந்திருக்கிறது என்பது தெரியவரும். நெட்பிஎஸ்டியில் பஸ்ஸை விலக்கிவிட்டு அதில் தொங்கும் கருவியை விட்டுவைத்தால், அந்தக் கருவி அனாதையாக நிற்கிறது என்று அமைப்பு நிரல் பெயர் சொல்லியே சுட்டிக்காட்டிவிடும்.

வன்தட்டு விஷயத்தில் என் மனம் முழுக்க நெட்பிஎஸ்டியின் பக்கமே சாய்கிறது. லினக்ஸின் பழைய ஐடிஇ டிரைவர் தொகுதி 2021-இல் 5.14 பதிப்போடு நீக்கப்பட்டுவிட்டது. இப்போது பிசிஐ இல்லாத இயந்திரத்தின் ஐடிஇ வன்தட்டைப் பிடிக்க வேண்டுமானால் ஏடிஏ பிரிவுக்குள் நுழைந்து, பழைய ஐஎஸ்ஏ வகைக்கான பாட்டா லெகசி டிரைவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதற்கு மேல் ஸ்கசி வட்டு ஆதரவையும் சேர்க்க வேண்டும். இரண்டாவதை மறந்தால் கட்டுப்படுத்தி தெரியும், வட்டு தெரியாது. மூலக் கோப்பு முறைமையை ஏற்ற இயலவில்லை என்ற பீதிச் செய்தியுடன் இயந்திரம் நின்றுவிடும். எல்லாம் சரியாக இருந்தாலும் எச்டிஏ என்றிருந்த வட்டின் பெயர் எஸ்டிஏ என்று மாறியிருக்கும். பழைய நிறுவலின் மவுன்ட் பட்டியலும் பூட்லோடர் வரியும் அதற்கேற்ப மாற்றப்பட வேண்டும். நெட்பிஎஸ்டியில் அந்த வட்டு அன்றும் டபிள்யூடி0, இன்றும் டபிள்யூடி0.

இனி அளவு. லினக்ஸில் டைனிகான்ஃபிக் என்ற தொடக்கப் புள்ளி உண்டு. அது கிட்டத்தட்ட எல்லாவற்றையும் அணைத்துவிடுகிறது; திரையில் செய்தி அச்சிடும் வசதியும், எல்ஃப் என்ற வழக்கமான வடிவ நிரல்களை ஓட்டும் வசதியும்கூட அதில் இருக்காது. அதிலிருந்து தேவையானவற்றை ஒவ்வொன்றாகச் சேர்த்து மேலேறுவதே 16 எம்பி இயந்திரத்துக்குச் சரியான முறை. பெரிய கெர்னலிலிருந்து ஒவ்வொன்றாக வெட்டிக் கீழிறங்குபவர் நடுவழியில் களைத்துவிடுவார். சிறு நினைவகங்களுக்கென இருந்த ஸ்லோப் (SLOB) என்ற நினைவக ஒதுக்கி 6.4-இல் நீக்கப்பட்டதால், அதற்கு மாற்றாக 6.2-இல் வந்த ஸ்லப் டைனி (SLUB_TINY) தெரிவைத்தான் இப்போது எடுக்க வேண்டும். கெர்னலைச் சுருக்கும் முறையில் எக்ஸ்இசட் மிகச் சிறிய கோப்பைத் தரும் என்று ஆசைப்பட வேண்டாம். 486 அதை விரித்து முடிக்கும்வரை வெறும் திரையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கும். ஃபிளாப்பியில் அடக்க வேண்டிய கட்டாயம் இல்லையென்றால் ஜிஜிப் போதும்.

நெட்பிஎஸ்டியின் ஜெனரிக் கெர்னலும் இன்று பருத்துவிட்டது. அதை அப்படியே 16 எம்பி இயந்திரத்தில் ஏற்றிப் பார்ப்பது வீண் வேலை. பூட் செய்யும்போது யூசர்கான்ஃப் என்ற கட்டளைத் தூண்டலில் நின்று ஒரு கருவியை முடக்கவும், அதன் போர்ட்டையும் ஐஆர்க்யூவையும் மாற்றவும் முடியும். இது சோதிப்பதற்கு மிக உகந்தது. தொகுக்காமலே ஜம்பர் நிலையைச் சரிபார்த்துவிடலாம். ஆனால் முடக்கப்பட்ட டிரைவர் நினைவகத்தை விட்டுக்கொடுப்பதில்லை. இளைக்க வேண்டுமானால் கோப்பிலிருந்தே அதை எடுத்துத் தொகுக்க வேண்டும்.

தொகுக்கும் வேலையை 486-இலேயே செய்வது பொறுமைக்கான தவம். அதை வேகமான இன்னொரு கணினியில்தான் செய்ய வேண்டும். 64-பிட் லினக்ஸ் கணினி ஒன்றில் 32-பிட் எக்ஸ்86 லினக்ஸ் கெர்னலைத் தொகுப்பது எளிது. நெட்பிஎஸ்டியின் பில்ட் ஸ்கிரிப்ட், தனக்கு வேண்டிய கம்பைலரையும் சேர்த்துத் தானே கட்டிக்கொள்வதால், எக்ஸ்86 அல்லாத பழைய இயந்திரங்களுக்கும் அதே கட்டளையே போதும். வாக்ஸ் என்ற பழைய கணினி வகை போன்ற கட்டமைப்புக்கு லினக்ஸின் அதிகாரபூர்வ மூலத்தில் இடமே இல்லை என்பதால் அங்கே போட்டியே எழுவதில்லை. இதைவிடப் பெரிய வேறுபாடு பயனர் நிரல்களில் இருக்கிறது. லினக்ஸ் என்பது கெர்னல் மட்டுமே. அதை 486-க்குத் தொகுத்துவிட்டாலும், அதன்மேல் ஓட வேண்டிய நிரல்கள் 486-க்குத் தொகுக்கப்பட்டிருக்க வேண்டும். டெபியன் என்ற லினக்ஸ் வெளியீடு 2017-இல் வந்த ஸ்ட்ரெட்ச் பதிப்பிலேயே, 486-க்கு அடுத்த தலைமுறையான 586-ஐயே கைவிட்டுவிட்டது. ஆகவே அடிப்படைக் கட்டளைகளை ஒரே நிரலில் தரும் பிசிபாக்ஸ் (BusyBox) போன்ற ஒன்றை நாமே தொகுத்துச் சிறிய முறைமை ஒன்றைக் கட்ட வேண்டும். நெட்பிஎஸ்டியில் கெர்னலும் அடிப்படை நிரல்களும் ஒரே மூலமரத்திலிருந்து, 486-ஐ அடிமட்டமாகக் கொண்டு வருகின்றன. வார இறுதி ஒன்றில் வேலையை முடிக்க நினைப்பவருக்கு இந்த ஒரு காரணமே போதுமானது.

ஆதரவின் ஆயுளையும் பார்க்க வேண்டும். நெட்பிஎஸ்டி 386-ஐ 2009-இல் 5.0 பதிப்போடு விட்டது. லினக்ஸ் 2013-இல் 3.8-ஓடு விட்டது. 2025 ஏப்ரலில் லினக்ஸ் கெர்னல் உருவாக்குநர் இங்கோ மோல்னார் 486-க்கான ஆதரவையும் நீக்கும் பேட்ச்களை முன்வைத்தார். எனவே லினக்ஸ் வழியில் செல்பவர் நீண்டகால ஆதரவுள்ள ஒரு பதிப்பைப் பிடித்துக்கொண்டு அதிலேயே நிற்பது நல்லது.

அப்படியானால் 2.4 எதற்கு? அது 386-இல் ஓடும். கணிதத் துணைச்சில்லு இல்லாத இயந்திரத்தில் அதன் வேலையை மென்பொருளால் செய்துகாட்டும். செதுக்கிய கெர்னல் ஒரு 1.44 எம்பி ஃபிளாப்பியில் இடம் விட்டு அடங்கும். ஐபிஎம் பிஎஸ்/2 இயந்திரங்களின் மைக்ரோ சேனல் பஸ்ஸுக்கான ஆதரவு லினக்ஸிலிருந்து 2012-இல் 3.5 பதிப்போடு போய்விட்டது, 2.4-இல் அது இருக்கிறது. விலை என்னவென்றால், அதைத் தொகுக்க ஜிசிசி 2.95.3 காலத்துக் கம்பைலர் வேண்டும். அதற்கென மெய்நிகர் இயந்திரம் ஒன்றில் 2002-இன் டெபியன் வுடியை நிறுவி வைத்திருக்கிறேன். 2.4 வரிசைக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்று நெடுங்காலமாகிவிட்டது. இணையத்தை நேரடியாகப் பார்க்கும் இடத்தில் அதை வைக்கக் கூடாது. அதன் கடிகாரமும் 32-பிட் என்பதால் 2038 ஜனவரியோடு முடிந்துவிடும். நெட்பிஎஸ்டி இதை 2012-இல் 6.0 பதிப்பிலும், 32-பிட் லினக்ஸ் 2020-இல் 5.6 பதிப்பிலும் தீர்த்துவிட்டன.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நெட்பிஎஸ்டியின் உறவான ஃப்ரீபிஎஸ்டி 2021-இல் 13.0-ஓடு 32-பிட் எக்ஸ்86-ஐ இரண்டாம் நிலை ஆதரவுக்கு இறக்கிவிட்டது. இன்னொரு உறவான ஓபன்பிஎஸ்டியில் யூசர்கான்ஃபைப் போன்ற திருத்தங்களைக் கெர்னல் கோப்பிலேயே நிலையாக எழுதும் வசதி உண்டு. அதை நெட்பிஎஸ்டியும் கடன் வாங்கியிருக்கலாம் என்று தோன்றும். ஆனால் ஒவ்வொரு பூட்டிலும் கெர்னலை மறுபடி இணைத்துக் கட்டும் ஓபன்பிஎஸ்டியின் பாதுகாப்பு முறை 486-க்குத் தாங்காது. 286-க்கும் 8086-க்கும் எல்க்ஸ் (ELKS) என்ற சிறு முறைமையைத் தவிர லினக்ஸ் சாயலில் வேறு வழியில்லை.

என் 486-இல் இப்போது நிலையாக ஓடுவது நெட்பிஎஸ்டி. பக்கத்தில் பிசிஐ பஸ்ஸும் 64 எம்பி நினைவகமும் கொண்ட ஒரு பென்டியம் எம்எம்எக்ஸ் இருக்கிறது. அதில் கருவிகள் தாமே பெயர் சொல்லிவிடுவதால், நான் மேலே பாராட்டிய வரைபடக் கோப்புக்கு அங்கே பெரிய தேவை இல்லை. அதற்கு 6.12 லினக்ஸையே தொகுத்திருக்கிறேன். சில்லு வகையைத் தேர்ந்தெடுக்கும்போது மட்டும் கவனம் வேண்டும்: 686 என்று தவறிக் குறித்துவிட்டால், இந்தக் கெர்னலுக்கு 686 சில்லு தேவை, இங்கே இருப்பதோ 586 என்று இரண்டு வரி எழுதிவிட்டு இயந்திரம் அமைதியாகிவிடும்.