ஆசிலோஸ்கோப்புக்குக் கூடுதல் திறன்: பெட்டிக்குள்ளா, பக்கத்திலா, கணினியிலா?

மின்னழுத்தம் நேரத்தோடு மாறுவதைத் திரையில் அலையாக வரையும் கருவி ஆசிலோஸ்கோப். என் மேசையில் இருப்பது நான்கு சானல் கொண்ட, அதாவது ஒரே நேரத்தில் நான்கு கம்பிகளைப் பார்க்கும், ரைகோல் டிஎஸ்1054இசட். 50 மெகாஹெர்ட்ஸ், 8 பிட். அலையைக் காட்டச் சொன்னால் காட்டும். அதற்குமேல் வேலை வாங்க மூன்று வழிகள் உண்டு: பெட்டிக்குள்ளேயே பூட்டிக்கிடக்கும் வசதிகளுக்கு உரிமம் வாங்கித் திறப்பது, பக்கத்தில் ஒரு லாஜிக் அனலைசரையோ (கம்பியில் 0, 1 மட்டும் பார்க்கும் பெட்டி) சிக்னல் ஜெனரேட்டரையோ (சோதனை அலை தரும் பெட்டி) வைத்துக்கொள்வது, பின்பக்கத்து லேன் துளையில் ஒரு கம்பியைச் செருகி, அலையைக் கணினிக்கு இழுத்து, மிச்ச வேலையைப் பைத்தான் மொழியில் எழுதிய நிரலில் செய்வது. மூன்றுக்கும் காசும் நேரமும் செலவழித்துவிட்டு மூன்றாவதில் நின்றிருப்பவன் நான். நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

அலையில் எந்தெந்த அதிர்வெண் எவ்வளவு கலந்திருக்கிறது என்று பிரித்துக்காட்டும் எஃப்எஃப்டி கணக்கு பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. 8 பிட் என்றால் 256 படிகள். கணக்குப்படி 50 டெசிபல் அளவுக்குத்தான் இடம். சுவிட்சிங் பவர் சப்ளையின் இரைச்சல் எந்த அதிர்வெண்ணில் இருக்கிறது என்று தேடப் போதும். நல்ல ஆம்ப்ளிஃபயரின் டிஸ்டார்ஷனை அளக்க எந்த வழியில் போனாலும் போதாது.

லாஜிக் அனலைசர் மலிவு. சைப்ரஸ் எஃப்எக்ஸ்2 சில்லை வைத்துச் செய்த சின்னப் பெட்டி, எட்டுக் கம்பிகளை விநாடிக்கு 2.4 கோடி முறை பார்க்கும். சிக்ராக் திட்டத்தின் பல்ஸ்வியூ மென்பொருளோடு சேர்ந்தால் சில்லுகள் ஒன்றோடொன்று பேசும் நூற்றுக்கும் மேற்பட்ட நெறிமுறைகளை டிகோட் செய்யும், அதாவது கம்பியில் ஓடும் 0, 1களைப் படிக்கக்கூடிய தகவலாக மாற்றும். எந்த ஆசிலோஸ்கோப் உரிமமும் இந்த எண்ணிக்கைக்கு அருகில் வராது. அதனால் முதலில் அதைத்தான் வாங்கினேன். அது கைவிட்ட இடத்தைச் சொல்லத்தான் வேண்டும்.

நான் செய்த ஒரு மின்சுற்றுப் பலகையில் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) இருந்தது. ஐ2சி நெறிமுறையில் (கடிகாரத்துக்கு ஒரு கம்பி, தரவுக்கு ஒரு கம்பி) பேசும் வெப்ப உணரி ஒன்றும் இருந்தது. சில மணி நேரத்துக்கு ஒருமுறை உணரி பேச்சை நிறுத்திவிடும். லாஜிக் அனலைசரில் பார்த்தால் எல்லாம் ஒழுங்கு. உணரி மட்டும் ஏனோ பதில் சொல்லவில்லை. அதே கம்பியில் ஆசிலோஸ்கோப் புரோபை வைத்தேன். ரிலே விடுபட்ட சற்று நேரத்தில் கடிகாரக் கம்பியில் ஊசி குத்தியதுபோல ஒரு கோடு, ஏறத்தாழ 30 நானோவிநாடி. 2.4 கோடி சாம்பிள் என்றால் இரண்டு பார்வைகளுக்கு நடுவே 41 நானோவிநாடிக்கு மேல் இடைவெளி. ஊசி அந்த இடைவெளிக்குள் நழுவிவிட்டது. நான்கு சானலும் ஓடும்போதும் என் ஆசிலோஸ்கோப் விநாடிக்கு 25 கோடி சாம்பிள் எடுக்கும். நான்கு நானோவிநாடிக்கு ஒன்று.

ஆனால் ஒரு ஊசியைக் கண்டதால் காரணம் உறுதியாகிவிடாது. எந்த நொடியில் அலையைப் பிடிக்க வேண்டும் என்று கருவிக்குச் சொல்லும் அமைப்பு ட்ரிகர். 100 நானோவிநாடிக்குக் குறைவான துடிப்பு வந்தால் மட்டும் நிற்கும்படி அதை வைத்தேன். ஒவ்வொரு முறை நின்றதும் நான்கு சானலையும் இழுத்துக் கோப்பில் போட்டுவிட்டு மறுபடி ஓடவிடும் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். நினைவகம் சானலுக்கு 30 லட்சம் புள்ளிகள், அதாவது 12 மில்லிவிநாடி. ஒரு கேள்விக்கு இரண்டரை லட்சம் புள்ளிதான் தரும் என்பதால் சானலுக்குப் பன்னிரண்டு முறை கேட்க வேண்டும். இழுக்கும் நேரத்தில் கருவி குருடு. அப்போது வரும் ஊசிகள் போனது போனதுதான். இருந்தாலும் காலையில் எழுந்து பார்த்தபோது 61 கோப்புகள் இருந்தன. மூன்றைத் தவிர எல்லாவற்றிலும் ரிலே விடுபட்டு மூன்று மில்லிவிநாடிக்குள் ஊசி. ரிலேயின் தரைக்கம்பியைத் தனியாக இழுத்தேன். அடுத்த இரவு இரண்டு கோப்புகள்தான் சேர்ந்தன.

உரிமம் வாங்கித் திறக்கும் டிகோடரால் இதைச் செய்ய முடியுமா என்றால், பாதி முடியும். இந்த விலைப் பிரிவில் பல கருவிகளின் டிகோடர் திரையில் தெரியும் பகுதியை மட்டும் படிக்கிறது. ஆழ்ந்த நினைவகத்தில் கிடப்பதைத் தொடுவதில்லை. அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். எனக்கு முடிவைத் தீர்மானித்தது வேறு: கருவி கைமாறும்போது நம்மிடம் என்ன மிஞ்சுகிறது?

இத்தகைய உரிமம் பெரும்பாலும் கருவியின் தொடர் எண்ணோடு பிணைந்தது. கருவி செத்தால் அதுவும் சாகும்; விற்றால் அதுவும் போகும். என் முந்தைய இரண்டு சானல் கருவிக்குக் காசு கொடுத்து டிகோடர் வாங்கியிருந்தேன். விற்கும்போது அதைப் பெருமையாகச் சொன்னேன். வாங்க வந்தவர் எத்தனை மெகாஹெர்ட்ஸ் என்று கேட்டார், திருகுகளை ஒவ்வொன்றாகத் திருகிப் பார்த்தார், பேசிய விலையில் இன்னும் ஐந்நூறு குறைத்தார். டிகோடரைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

ஸ்கிரிப்ட் அப்படியில்லை. நண்பரின் சிக்லென்ட் எஸ்டிஎஸ்1104எக்ஸ்-இ ஒரு வாரம் என்னிடம் இருந்தபோது அதே நிரலை அதில் ஓட்டினேன். அலையைக் கேட்கும் கட்டளையும், பைட்டை வோல்டாக மாற்றும் வரியும் மட்டும் மாறின. அந்தக் கருவியில் 127க்கு மேற்பட்ட பைட்டிலிருந்து 256ஐக் கழிக்க வேண்டும். கழிக்க மறந்ததில் அலையின் கீழ்ப்பாதி மேலே ஏறிக் கூரையில் தொங்கியது. அரை மணி நேரத்தில் சரியானது.

பராமரிப்பே இல்லை என்று சொல்ல மாட்டேன். பைத்தான் 2க்கான ஆதரவு 2020 ஜனவரி 1ஆம் தேதியோடு நின்றது. பழைய நிரலை மூன்றுக்கு மாற்றியபோது, பைட்டையும் எழுத்தையும் ஒன்றாகப் பாவித்த இடங்களெல்லாம் முறிந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது. ஆனால் அது நானே பழுதுபார்க்கக்கூடிய பழுது.

ஒரே ஒரு விஷயத்தில் பெட்டிக்குக் கட்டுப்படுகிறேன். ட்ரிகர் உள்ளேதான் இருந்தாக வேண்டும். கருவி பிடிக்காத நொடியை எந்த நிரலாலும் பிறகு மீட்க முடியாது. காசு கொடுப்பதென்றால் டிகோடரை விட்டுவிட்டு, குறைத்துடிப்பு (முழு உயரத்தை எட்டாத துடிப்பு), டைம்அவுட் (குறித்த நேரத்துக்கு அலை மாறாமல் நிற்பது) போன்றவற்றைப் பிடிக்கும் கூடுதல் ட்ரிகர்களுக்குக் கொடுக்கலாம்.

ஒரு சுற்று ஒவ்வொரு அதிர்வெண்ணையும் எவ்வளவு பெருக்குகிறது, எவ்வளவு தாமதப்படுத்துகிறது என்று காட்டும் போட் வரைபடம் பற்றி அடக்கமாகவே பேச வேண்டும். சிக்லென்ட் கருவியில் அந்த வசதி உள்ளேயே உண்டு. ஜெனரேட்டரைச் சேர்த்தால் அதிர்வெண்ணை நகர்த்தி, ஆதாயத்தையும் கட்டத்தையும் தானே வரையும். என் நிரலிலும் அதைச் செய்தேன், ஆனால் அளந்தது ஒரு ஆடியோ ஃபில்டரை மட்டும்தான். பவர் சப்ளையின் பின்னூட்ட வளையத்தை டிரான்ஸ்ஃபார்மர் வழியாகச் சீண்டி அளக்கும் வேலையை நான் செய்ததில்லை. அதுதான் உங்கள் அன்றாட வேலை என்றால், உள்ளே கட்டிக்கொடுத்த வசதியையே வாங்குங்கள்.

அடுத்து 12 பிட் கருவி ஒன்றுக்குக் காசு சேர்த்துக்கொண்டிருக்கிறேன். 12 பிட் ஒரு பைட்டில், அதாவது 8 பிட்டில், அடங்காது. ஆனால் ஒரு புள்ளிக்கு ஒரு பைட் என்று நிரலில் ஏழு இடங்களில் எழுதிவைத்திருந்தேன். நேற்று அவற்றை ஒரே இடத்துக்குக் கொண்டுவந்தேன்.