43 வீடு இருக்கு, வாடகைதான் வரேல்ல: நகரம் கட்டுற கார்ட் கேமில நான் உழைச்ச கணக்கு

போன மாசம் அம்மா என்ர போனை எட்டிப் பாத்திட்டு "உது என்னடா, ஆற்ற வீடுகள்" எண்டு கேட்டா. என்ரதான் அம்மா, 43 வீடு இருக்கு எண்டு சொன்னன். மனிசி கொஞ்ச நேரம் பேசாமல் நிண்டிட்டு "எங்கட பின் சுவருக்கு இன்னும் பூச்சு இல்லை" எண்டிட்டுக் குசினிக்குள்ள போயிட்டா. எங்கட வீடு இந்திய வீட்டுத்திட்டத்தில வந்தது, அஞ்சு லட்சத்து 50 ஆயிரம், அத்திவாரம் போட்டாத்தான் அடுத்த காசு, கூரை வரைக்கும் அப்பிடியே கட்டங் கட்டமாத் தருவினம். கூரையோட காசு முடிஞ்சுது, பூச்சு எங்கட தலையில. அந்த வீட்டுக்குள்ள இருந்துகொண்டுதான் நான் போனில நகரம் கட்டினன்.

கேமின்ர பேரை நான் போடேல்ல, காசு போட்டுக் கார்ட் வாங்கி விளையாடினா ரோக்கன் எண்ட கிரிப்டோ, அதாவது இணையக் காசு தாற கேம் அது, அந்த ரோக்கனை வித்து உண்மைக் காசாக்கலாம். அவங்கள் என்னை ஏமாத்தேல்ல, சொன்னபடிதான் எல்லாம் நடந்தது, அப்பிடியிருந்தும் என்ர காசு பாதியாப் போச்சு, அது எப்பிடி எண்டதைத்தான் எழுதப்போறன். பரந்தனில சின்னக் கொமினிகேசன் கடை ஒண்டு வச்சிருக்கிறன், றீலோட் போட வாற பெடியள் கிழமைக்கு ஒருத்தனாவது "அண்ணை உதில காசு வருமோ" எண்டு கேக்கிறாங்கள், வாயால சொல்லிச் சொல்லிக் களைச்சிட்டன்.

கேம் ஓடுறது ஹைவ் எண்ட செயினில, ஆற்ற கணக்கில என்ன இருக்கு எண்டதைப் பல கொம்பியூட்டரில ஒண்டாப் பதிஞ்சு வைக்கிற பொதுக் கொப்பி மாதிரி அது. அது 2020 மார்ச்சில ஸ்டீம் எண்ட செயினில இருந்து பிரிஞ்சு வந்தது, 3 செக்கனுக்கு ஒரு பிளொக், அதாவது ஒரு பதிவு எழுதும், ஒவ்வொரு கிளிக்குக்கும் கேஸ் காசு எண்டு பதிவுக் கூலி தனியா அறவிடுறேல்ல. எங்களைப்போல 50 ரூபா, 100 ரூபாக் கணக்கில விளையாடுற ஆக்களுக்கு இது பெரிய விசயம், மற்றச் சில செயினுகளில ஒரு கார்டை மாத்திற செலவு கார்டின்ர விலையை விடக் கூட. 2017 கடைசியில பூனைப் படம் விக்கிற கிரிப்டோகிட்டீஸ் வந்து எதேரியம் செயினே இறுகிப் போனதெண்டு கேள்விப்பட்டிருப்பியள், அந்தத் தலையிடி இஞ்ச இல்லை. ஸ்லோ டேட்டாவிலயும் ஓடும். இதுக்கு மட்டும் முழு மார்க் குடுக்கலாம்.

விளையாட்டு எண்டு பாத்தா உண்மையிலயே நல்லா யோசிச்சுத்தான் செய்திருக்கிறாங்கள். வீட்டுக் கார்ட் போட்டா சனம் வரும், கடை, தொழிற்சாலைக் கார்ட் போட்டா வேலை வரும், வேலை இல்லாமல் சனம் மட்டும் கூடினா களவு கூடி வருமானத்தில வெட்டு விழும், சனம் காணாட்டி தொழிற்சாலை சும்மா நிக்கும். ரெண்டையும் சமனாக் கொண்டுபோறதுதான் கெட்டித்தனம். இதுக்கு மேல ரோக்கன் வச்சிருக்கிற ஆக்கள் சேர்ந்து தலைவர் ஒருத்தரைத் தெரிவு செய்யலாம், அவர் வரி வீதத்தைக் கூட்டிக் குறைப்பார். முதல் கிழமையில நான் வீடாப் போட்டுத் தள்ளினன், வேலையில்லாத சனம் 60 பேர், களவு எகிறிப் போய் வந்த ரோக்கனில காவாசி போச்சு, எங்கட ஊர்க் கதைதானே எண்டு நினைச்சுச் சிரிச்சன்.

கார்ட் பக்கற் உடைக்கிற பட்டன் இருக்கே, அதைப்பற்றிச் சொல்லவேணும். அமத்தினா கார்ட் குப்புறக் கிடந்தபடி ஒரு செக்கன் ஆடும், பிறகு பிரளும். பிரள முதல் ஓரத்தில ஒரு வெளிச்சம், ஊதா எண்டா நல்ல கார்ட், சாம்பல் எண்டா வீடு. 20 பக்கற் உடைச்சதில எனக்கு ஊதா வந்தது ரெண்டே ரெண்டு தரம், ரெண்டும் டெக்னோலொஜி கார்ட். ஆனா அந்த ஆட்டத்தைப் பாக்கத்தான் மிச்ச 18ஐயும் உடைச்சனான். பின்னேரம் கடை பூட்டிற நேரம், வெளியில யாழ்ப்பாண பஸ் ஹோன் அடிக்குது, நான் ஷட்டரைப் பாதி இறக்கிப்போட்டு உள்ளுக்கு இருந்து பட்டன் அமத்துறன், அப்பிடித்தான் போச்சு.

இனிக் கணக்கு. 2021 கடைசியில 100 டொலர் போட்டன், அக்கா எடுத்த சீட்டுக் காசில கைமாத்து வாங்கினது. அப்ப பேங்க் ரேட் 203 எண்டு பிடிச்சு வச்சிருந்தவங்கள், பீ ரூ பீயில, அதாவது ஆளுக்கு ஆள் நேரடியாக் கிரிப்டோ வாங்கி விக்கிற இடத்தில, அதுக்கு வாங்கேலாது, நான் 235 குடுத்தன், ஆக 23,500 ரூபா. கார்டுகள் எல்லாம் அடுக்கின பிறகு ஒரு நாளைக்கு 400 ரோக்கன் வந்தது, ஒரு ரோக்கன் 0.0015 டொலர், நாளுக்கு 60 டொலர் சதம். 100ஐ 0.60ஆல பிரிச்சா 167 நாள். அஞ்சரை மாசத்தில முதல் வந்திடும், பிறகு வாறதெல்லாம் லாபம் எண்டு கொப்பியில எழுதி ரெண்டு கோடும் கீறினனான். எல்லாரும் விடுற பிழை இதுதான், இண்டைக்கு இருக்கிற விலை 167 நாளும் அசையாமல் நிக்கும் எண்டு நினைச்சுப் போடுற கணக்கு. நெல்லு விதைக்கிற அண்டைக்கு இருக்கிற விலையை வச்சு அறுவடைக் காசைச் செலவழிச்ச கமக்காரனிட்டக் கேட்டிருந்தாச் சொல்லியிருப்பார்.

வந்த ரோக்கனை விக்காமல் திரும்பக் கார்ட் வாங்கினன். 2022 மே மாதிரி நாளுக்கு 700 ரோக்கன் வந்தது, சந்தோசம், ஆனா விலை 0.0003க்கு வந்திட்டுது. 21 சதம். இதில இன்னொரு விளையாட்டு இருக்கு, அது எங்கட நாட்டு ஆக்களுக்கு மட்டும் உரியது. அந்த நேரம் டொலர் 360க்குப் போயிட்டுது, 13 மணித்தியாலக் கரண்ட் கட் எல்லாம் பாத்த வருசம், 21 சதம் எண்டா 75 ரூபா. முந்தி 60 சதத்துக்கு 141 ரூபா. டொலரில பாத்தா வருமானம் மூண்டில ஒண்டு, ரூபாவில பாத்தா பாதியாக் குறைஞ்ச மாதிரித்தான் தெரியும், அதால நானும் "பறவாயில்லை, தாக்குப் பிடிக்குது" எண்டு இருந்திட்டன். ரூபா விழுந்ததை ரோக்கன் நிக்கிது எண்டு விளங்கினனான். 75 ரூபாக்கு முறிகண்டியில பஸ் நிக்கேக்க ஒரு சரை கச்சான் வாங்கலாமோ தெரியாது.

ஏன் விலை விழுது? ஒவ்வொரு நாளும் எல்லாருக்கும் புதுசா ரோக்கன் அடிச்சுக் குடுக்கிறாங்கள், அதை வாங்கிறதுக்கு வெளியில ஆள் வேணும், வாற ஆளும் கார்ட் வாங்கினா அவனுக்கும் நாளைக்கு ரோக்கன். பக்கற் வாங்கேக்க குடுக்கிற ரோக்கன் எரியும், அதாவது அழிச்சுப்போடுவாங்கள் எண்டு ஒரு ஏற்பாடு இருக்கு, ஆனா எரியிறதை விட அடிக்கிறது கூட. ராங்க் பாத்துப் பிரிக்கிற ஹைவ் பரிசும் இருக்கு, ஹைவ் எண்டுறது அந்தச் செயினின்ர சொந்தக் காசின்ர பேரும்தான், அது இரணைமடுத் தண்ணி மாதிரி. சிறுபோகத்துக்குக் குளத்தில நிக்கிற தண்ணியைப் பாத்துத்தான் கூட்டத்தில ஏக்கர் பிரிப்பினம், உங்களிட்டப் பத்து ஏக்கர் வயல் கிடந்தாலும் பங்கு அவ்வளவுதான். இஞ்ச குளம் ஒவ்வொரு மாசமும் வத்துது, வயலை மட்டும் புதுசு புதுசா வெட்டி விக்கிறாங்கள், ரெண்டாம் பதிப்புக் கார்டுகள் வந்த கிழமையே என்ர முதல் பதிப்பின்ர பங்கு சுருங்கிப் போச்சு.

இந்தக் கேமில மட்டும் நடந்த விசயமும் இல்லை இது. இதே மாதிரி உழைக்கிற ஆக்சி இன்பினிட்டி எண்ட கேம் எவ்வளவு பெரிசு, பிலிப்பைன்ஸில கொரோனா நேரம் அதில உழைச்சுச் சீவிச்ச சனம் இருந்தது, 2021 நடுப்பகுதியில 30 சதத்துக்கு மேல போன அவங்கட எஸ்எல்பி ரோக்கன் 2022 பெப்ரவரியில ஒரு சதத்தைச் சுத்தி வந்திட்டுது. மார்ச்சில அவங்கட ரோனின் பாலத்தில, அதாவது ஒரு செயினில இருந்து மற்றச் செயினுக்குக் காசு கொண்டுபோற வழியில, 60 கோடி டொலருக்கு மேல களவு போனதைத்தான் எல்லாரும் கதைக்கிறது, ஆனா விலை அதுக்கு முதலே விழுந்திட்டுது.

விக்கிற படலம் தனிக்கதை. ரோக்கனை ஹைவோட ஒட்டி ஓடுற சைட் செயினில ஹைவுக்கு மாத்தி, அதை வெளியில எடுத்து, கிரிப்டோ வாங்கி விக்கிற எக்ஸ்சேஞ்சுக்கு அனுப்பி, டொலர் விலையோட நிக்கிற யூஎஸ்டிடி ஆக்கி, பீ ரூ பீயில ரூபாவாக்கவேணும், ஒவ்வொரு படியிலயும் ஒரு கழிவு. கார்டுகளை மார்க்கெட்டில போட்டா உங்களை விட ஒரு சதம் குறைச்சு இன்னொருத்தன் அடுத்த நிமிசமே போடுவான். எக்ஸ்சேஞ்சுக்கு ஹைவ் அனுப்பேக்க மெமோ எண்டு ஒரு நம்பர் போடவேணும், அதுதான் உங்கட கணக்கு எது எண்டு அவங்களுக்குக் காட்டிறது. நான் கரண்ட் போகப்போகுது எண்ட அவசரத்தில மெமோவை விட்டிட்டன். 19 நாள். சப்போட்டுக்கு எழுதி எழுதி, ஸ்கிரீன்ஷொட் அனுப்பி, கடைசியில காசு வந்தது, அதுக்குள்ள ஹைவ் விலையும் கொஞ்சம் இறங்கிப் போச்சு. பிழை என்ரதான், ஆரையும் நோகேலாது.

பாங்க் கார்டைப் போட்டு நேரா வாங்கலாமோ எண்டு கேக்கிற ஆக்களுக்கு, ஏலாது, கிரெடிட், டெபிட் கார்டால கிரிப்டோவுக்குக் காசு கட்டேலாது எண்டு மத்திய வங்கி 2021இல பணிப்பே விட்டது. பீ ரூ பீயில உங்களுக்குக் காசு போடுறவன்ர பேரும் பாங்கில வாற பேரும் ஒண்டா இருக்கோ எண்டு பாக்காமல் கிரிப்டோவை ரிலீஸ் பண்ணாதேங்கோ. ஓனர் கீ எண்டுறது கணக்கு முழுக்கத் திறக்கிற திறப்பு, அதைப் போனில வைக்காதேங்கோ, கேமுக்கு போஸ்டிங் கீயும் அக்டிவ் கீயும் காணும். நான் ஓனர் கீயைக் கடதாசியில எழுதி அம்மான்ர உறுதிப் பைலுக்குள்ள வச்சிருக்கிறன்.

2022 ஓகஸ்டில டெக்னோலொஜி கார்ட் ரெண்டும், தொழிற்சாலைகளும், இருந்த ரோக்கனும் வித்து 31 டொலர் வந்தது, 370 படி 11,470 ரூபா. அக்காவுக்கு 23,500 குடுக்கவேணும், மிச்சம் கடைக் காசில இருந்து மூண்டு மாசமாக் கட்டினன். அவ இப்பவும் என்னைக் கண்டா "நகரபிதா" எண்டுதான் கூப்பிடுவா.

கேமா அஞ்சுக்கு நாலு, உழைப்பா அஞ்சுக்கு ஒண்டு. விருப்பம் எண்டா ஒரு படம் பாக்கிற காசுக்கு நாலு கார்ட் வாங்கி விளையாடிப் பாருங்கோ, அக்கான்ர சீட்டைத் தொடாதேங்கோ.

விலை போகாமல் மிஞ்சின 43 வீட்டையும் இப்ப அக்கான்ர மூத்தவன்தான் பாக்கிறான், பத்தாம் வகுப்பு. நேற்றுக் கடைக்கு வந்து கதிரையை இழுத்துப்போட்டு இருந்துகொண்டு சொல்லுறான், "மாமா, தலைவர் எலெக்சனுக்கு வோட்டுப் போட்டிட்டன், வரி குறைப்பன் எண்ட ஆளுக்கு." எங்களிட்ட வரி கட்ட வருமானம் எங்கயடா இருக்கு எண்டு கேட்டன். "அது பிறகு வரும்" எண்டான்.