எஃப்எஃப்எம்பெக்: வருடக்கணக்கில் சர்வரில் ஓட்டிய பிறகு தெரியவரும் விஷயங்கள்

பயனர்கள் ஏற்றும் வீடியோக்களை வாங்கி, மாற்றி, ஸ்ட்ரீமிங்குக்கு அனுப்பும் சர்வர்களில் பெரும்பாலும் உள்ளே ஓடுவது எஃப்எஃப்எம்பெக்தான். 2000-இல் ஃபாப்ரீஸ் பெல்லார்ட் தொடங்கிய, வீடியோ-ஆடியோ கோப்புகளை மாற்றும் கட்டளை வரிக் கருவி. நீண்ட நாள் ஓட்டினால் ஒன்று புரியும்: இது முறிந்து விழுவது அபூர்வம். நாம் சொல்லாமல் விட்டதைத் தானே முடிவு செய்துகொண்டு, சத்தமில்லாமல் வேலையை முடித்துவிடும். தொல்லையெல்லாம் அங்கேதான்.

எளிய உதாரணம், ட்ராக் தேர்வு. ஒரு கோப்பில் இரண்டு மொழி ஆடியோ இருந்தால், எதுவும் சொல்லாதபோது ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடும். பிழைச் செய்தி கிடையாது. எல்லாம் வேண்டுமென்றால் ‘மேப் 0’ என்று எழுதியாக வேண்டும்.

அடுத்தது எம்பி4-இன் ‘மூவ்’ பகுதி. எந்த ஃபிரேம் எங்கே இருக்கிறது என்ற அட்டவணை இதில்தான் இருக்கிறது. இயல்பாக அது கோப்பின் கடைசியில் எழுதப்படும். உங்கள் கணினியில் சரியாக ஓடும் வீடியோ, பிரவுசரில் தொடங்கவே நேரமெடுத்தால் முதல் சந்தேகம் இதன் மேல்தான் போக வேண்டும். ‘ஃபாஸ்ட்ஸ்டார்ட்’ போட்டால் அட்டவணை முன்னால் வந்துவிடும். கடைசியில் கோப்பை இன்னொரு முறை எழுதும், அவ்வளவுதான் செலவு.

தரத்துக்கு, எச்.264 வீடியோவை உருவாக்கும் எக்ஸ்264 என்கோடரில் சிஆர்எஃப் எண்ணே (தரத்தை ஒரே அளவில் வைக்கும் எண்) போதும் என்பது பாதி உண்மை. இயல்பு மதிப்பு 23. அதில் 6 கூட்டினால் பிட்ரேட் (வினாடிக்குச் செலவாகும் தரவு) சுமார் பாதியாகும். பேசும் முகம் மட்டும் வரும் வீடியோவுக்கு இது அருமை. அலையடிக்கும் கடலோ, பறக்கும் வண்ணக் காகிதமோ வந்தால் அந்தச் சில வினாடிகளுக்குப் பிட்ரேட் எகிறி, மெதுவான இணைப்பில் சுழல்வட்டம் தோன்றும். கடிவாளம், பிட்ரேட்டுக்கு உச்சவரம்பு வைக்கும் ‘மேக்ஸ்ரேட்’. அதை மட்டும் போட்டு, அந்த வரம்பைக் கணக்கிடும் தாங்கல் அளவான ‘பஃப்சைஸ்’ போடாவிட்டால் எக்ஸ்264 வரம்பையே கண்டுகொள்ளாது. லாகில் ஒரு வரி எச்சரிக்கை மட்டும் விழும், அதை யார் படிக்கிறார்கள்? 720பி-க்கு மேக்ஸ்ரேட் 2500கே, பஃப்சைஸ் 5000கே என்று தொடங்கிப் பார்க்கலாம்.

வீடியோவைச் சிறு துண்டுகளாக வெட்டி ஸ்ட்ரீம் செய்யும் எச்எல்எஸ் தயாரிப்பில்தான் அதிக நேரம் போகும். ‘6 வினாடித் துண்டு’ என்று கேட்டால் 10 வினாடியில் துண்டுகள் வருகின்றன என்ற குழப்பம் எல்லோருக்கும் ஒருமுறையாவது வரும். துண்டை கீஃபிரேமில் (மற்ற ஃபிரேம்களைச் சாராத முழுப் படம்) மட்டுமே வெட்ட முடியும். எக்ஸ்264 இயல்பாக 250 ஃபிரேம் வரை கீஃபிரேம் இல்லாமல் போகும். வினாடிக்கு 25 ஃபிரேம் என்றால் அது சரியாக 10 வினாடி. போதாக்குறைக்கு, காட்சி மாறும் இடங்களில் தானாக ஒரு கீஃபிரேம் வைக்கும். 1080பி, 720பி, 480பி மூன்றையும் தனித்தனியாக எடுத்தால் இந்த இடங்கள் ஒத்துப்போகும் என்று உறுதியில்லை. ஒத்துப்போகாவிட்டால் பிளேயர் தரம் மாற்றும்போது தடுமாறும். மூன்றுக்கும் ‘ஜி 50’ (அதிகபட்சம் 50 ஃபிரேமுக்கு ஒரு கீஃபிரேம்), காட்சிமாற்ற வரம்பு 0 என்று ஒரே மாதிரி வைத்தால் 2 வினாடிக்கு ஒரு கீஃபிரேம் விழும், 6 வினாடித் துண்டும் சரியாக அமையும். 30 ஃபிரேம் வீடியோவுக்கு இதே எண் 60. வருவது எந்த ஃபிரேம் வேகம் என்று முன்கூட்டியே தெரியாத இடத்தில், ‘எஃப்பிஎஸ்’ ஃபில்டரால் முதலில் ஒரே வேகத்துக்குக் கொண்டுவந்துவிடுவது நல்லது. கைபேசிப் பதிவுகள் பலவும் மாறும் ஃபிரேம் வேகத்தில் வருவதால் இதைத் தவிர்க்கவே முடியாது.

ஒலி அளவைச் சமன் செய்யும் ‘லவுட்நார்ம்’ ஃபில்டரில் ஒரு விசித்திரம். ஒரே சுற்றில் ஓட்டினால் உள்ளே ஒலியின் மாதிரி வீதத்தை (சாம்பிள் ரேட்) 192 கிலோஹெர்ட்ஸுக்கு ஏற்றிவிடும். பின்னால் வரும் ஏஏசி என்கோடர் அதை 96-இல் பிடித்து நிறுத்தும். கடைசியில் கையில் கிடைப்பது யாரும் கேட்காத 96 கிலோஹெர்ட்ஸ் ஆடியோ. ‘ஏஆர் 48000’ என்று சேர்த்துவிட்டால் தீர்ந்தது. முதல் சுற்றில் அளந்து, இரண்டாவதில் அந்த அளவுகளைக் கொடுத்து ஓட்டுவது இன்னும் சீராக வரும்.

ஷெல் லூப்பில் வரும் சிக்கல் வேடிக்கையானது. பட்டியலிலிருந்து ஒவ்வொரு வரியாகப் படித்து மாற்றும்போது முதல் கோப்பு சரியாக முடியும். இரண்டாவது கோப்பின் பெயரில் முன்னெழுத்துகளைக் காணோம், கோப்பே இல்லை என்று பிழை வரும். கோப்புப் பெயர் கெட்டிருக்கிறதா என்று தேடிப் பயனில்லை. விசைப்பலகைக் கட்டளைக்காகக் காத்திருக்கும் எஃப்எஃப்எம்பெக், லூப்புக்கு வர வேண்டிய உள்ளீட்டைக் கொறித்துவிடுகிறது. ‘நோஸ்டிடின்’ போட்டால் சரியாகிவிடும்.

பதிப்பு மாற்றத்தில் அவசரம் வேண்டாம். 2024-இல் வந்த 7.0 பல பழைய நிரல் இடைமுகங்களை நீக்கிவிட்டது. கட்டளை வரியில் மட்டும் பயன்படுத்துவோருக்கு அடி குறைவு, லைப்ரரியாக இணைத்தவர்களுக்கு அதிகம். பதிப்பைப் பூட்டி வைத்து, மாதிரிக் கோப்புகளில் ஓட்டிப் பார்த்தபின் ஏறுங்கள். எக்ஸ்264 சேர்த்துக் கட்டினால் முழுக் கட்டமைப்பும் (மூல நிரலையும் பகிரக் கோரும்) ஜிபிஎல் உரிமத்துக்குள் வந்துவிடும் என்பதையும் தயாரிப்பில் இணைக்கும் முன்பே சட்டப் பிரிவிடம் சொல்லிவிடுவது உத்தமம்.

வேலை வெற்றி என்று சொல்லும் வெளியேறும் குறியீடு 0 என்பதை மட்டும் நம்பக் கூடாது. உள்ளீடு பாதியில் சிதைந்திருந்தாலும் டிகோட் பிழைகளைத் தாண்டிப் போய் 0 தரக்கூடும். ‘எக்ஸ்எரர்’ போட்டால் பிழை கண்ட இடத்திலேயே நின்றுவிடும். ஆனால் பயனர் ஏற்றும் கோப்புகளில் சின்னச் சின்னச் சிதைவு சகஜம் என்பதால் நல்லதும் சேர்ந்து நிராகரிக்கப்படும். உள்ளீடு, வெளியீடு இரண்டிலும், எஃப்எஃப்எம்பெக்கோடு வரும் ஆய்வுக் கருவியான எஃப்எஃப்புரோபால் ஆடியோ, வீடியோ நீளத்தைத் தனித்தனியாக எடுத்து ஒப்பிடுங்கள். அரை வினாடிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அந்தக் கோப்பை மூலத்தோடு தனி வரிசையில் ஒதுக்கி வையுங்கள்.