மட்டக்களப்புப் பக்கம் பெரிய மீன் தொட்டி செய்யக் குடுக்கப் போறாக்கள் இத ஒருக்கா வாசிங்க

கல்லடி, டவுண், ஆரையம்பதி இந்தப் பக்கமெல்லாம் வீட்டுக்கே வந்து அளவெடுத்து மீன் தொட்டி செஞ்சு தாறன் எண்டு ஒராள் ஓடர் எடுத்துத் திரியுறார். பேர் போடல்ல, போட்டா அது வேற வழக்காப் போயிடும். ஆனா அவர் செய்த வேலைய சொல்லாம இருக்க ஏலாது.

நாங்க கேட்டது 6 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம். ஒஸ்கார் வளர்க்கத்தான். அது ஒரு அடி வரைக்கும் வளருற மீன், அத சின்னத் தொட்டிக்குள்ள போட்டு வதைக்கிறாக்களக் கண்டா எனக்குக் கோவம் வரும். பேசின பேச்சு 12 மில்லிமீற்றர் தடிப்புக் கண்ணாடி, மேல சுத்திவர பிரேசிங் (கண்ணாடி வெளிய வளையாமப் பிடிக்கிற கண்ணாடிப் பட்டி), மீன் தொட்டிக்கெண்டே வாற சிலிக்கன் பசை. அரைவாசிக் காசு அட்வான்ஸ், மிச்சம் கொண்டந்து வெச்ச அண்டைக்கே வாங்கிட்டுப் போயிட்டார். எல்லாம் சேத்து ரெண்டு லட்சத்துக்குக் கிட்ட.

கொண்டு வந்த அண்டைக்கு ரெண்டே ரெண்டு பொடியன்கள் வாசல்ல இருந்து ஹோல் வரைக்கும் நிக்காம தூக்கிட்டு வந்தாங்க. எங்கட மாமா பாத்துப்போட்டு "என்ன மகன், இவ்வளவு பெரிய சாமான் இப்பிடி லேசா வருது" எண்டு கேட்டார். ஆள் சிரிச்சுட்டு "பழக்கம் மாமா, பொடியன்கள் நல்ல தைரியம்" எண்டார். மறுகா கணக்குப் போட்டுப் பாத்தா, 12 மில்லியில இந்தத் தொட்டி வெறும் கண்ணாடி மட்டுமே 120 கிலோவுக்கு மேல வரணும், 8 மில்லியெண்டா 80 கிலோ சொச்சம். மாமா கேட்ட கேள்விக்கு விடை அதுதான்.

கண்ணாடி விளிம்பு முழுக்க கறுப்பு பீடிங் (விளிம்ப மூடுற பட்டி) ஒட்டியிருந்தார், மேலயும் கீழயும் மூலையெல்லாம். பினிஷிங் எண்டு சொன்னார், பாக்க வடிவாத்தான் இருந்திச்சு. அதால கண்ணாடிட தடிப்பு ஒரு இடத்திலயும் கண்ணுக்குத் தெரியாது, மேல பிரேசிங் எண்டு வெச்சது நடுவில ஒரு ஒடுங்கின துண்டு மட்டும், அதையும் மூடி மறைச்சிட்டுது.

தண்ணி நிரப்பினவுடன முன் கண்ணாடி வயிறு தள்ளின மாதிரி வெளிய வளைஞ்சு நிண்டுது. போன் அடிச்சா "அது நோர்மல் அண்ணே, எல்லாப் பெரிய தொட்டியும் கொஞ்சம் வளையும்" எண்டார். கொஞ்சம் வளையும் உண்மைதான், ஆனா இது கொஞ்சமில்ல. ஆக்கள் 680 லீட்டர் தண்ணி, முக்கா டொன் பாரம் எண்டு தரையப் பத்தித்தான் பயப்படுவாங்க, கண்ணாடிக்கு லீட்டர் கணக்கில்ல, உயரம்தான் கணக்கு. 2 அடிக்குத் தண்ணி நிறைஞ்சு நிண்டா அந்த ஒரு முன் கண்ணாடிய மட்டும் கிட்டத்தட்ட 340 கிலோ தள்ளிக்கொண்டே இருக்கும், ராவும் பகலும். அந்தத் தள்ளுக்கு 12க்குப் பதிலா 8 போட்டா கண்ணாடி படுற பாடு ரெண்டு மடங்குக்கு மேல, வளைவு மூண்டு மடங்குக்கு மேல. அப்பிடி வளைய வளைய மூலையில சிலிக்கன் இழுபட்டுக் கழரும்.

அப்பிடித்தான் கழண்டுது. நடுச்சாமத்தில மனிசி "இஞ்சேருங்க, கால் வைக்கத் தண்ணி" எண்டு எழுப்புறா. இடது பக்கக் கீழ் மூலை. மீன எல்லாம் பெரிய பேசினுக்கு மாத்தி, மிச்சத் தண்ணிய ஹோஸ் போட்டு முத்தத்துக்கு இறக்கி, சோபா, காபெட், கதவு நிலை எல்லாம் ஊறி, மீன் கழிவச் சுத்தப்படுத்த கிழமைக்கணக்கா பில்டர்ல வளர்த்த பக்டீரியாவும் அதோட போச்சு. மூண்டு ஒஸ்கார் தப்பேல்ல.

ஆள் வந்தார், அது ஒரு புண்ணியம். வந்து உள்பக்கம் பழைய சிலிக்கனுக்கு மேலயே புதுசு பூசிட்டு "காலைல தண்ணி விடலாம்" எண்டார். காஞ்ச சிலிக்கனில புதுச் சிலிக்கன் பிடிக்காது, முழுசாச் சுரண்டி எடுத்து கண்ணாடியக் கழட்டித் திரும்ப ஒட்டணும், இந்த சைஸுக்கு ஒரு கிழமையாவது காய விடணும். இது தொழில் செய்யிறாளுக்குத் தெரியாதா? அதவிட, விட்டுட்டுப் போன டியூப்பத் தூக்கிப் பாத்தா பாத்ரூம், கிச்சனுக்கு எண்டு படத்தோட போட்டிருக்கு, பூஞ்சணம் பிடிக்காத சாதி. பூஞ்சணத்தக் கொல்ல அதுக்குள்ள கலக்கிற மருந்து மீனுக்கும் கூடாது.

அடுத்த நாள் பீடிங்கக் கழட்டி, தெரிஞ்ச கண்ணாடிக் கடைத் தம்பியக் கூப்பிட்டு வேனியர் (தடிப்பு அளக்கிற கருவி) வெச்சு அளந்தம். முன்னுக்கு 8. பின்னுக்கு 8. அடி மட்டும் 10. போட்டோ எடுத்து அனுப்பினன், நீல டிக் விழுந்திச்சு, அதோட நம்பர் புளொக். ஸ்டாண்ட் மட்டும் நல்ல பொக்ஸ் பார்ல செஞ்சிருந்தார், அதில பொய் சொல்லக் கூடாது, அதத்தான் இப்பவும் பாவிக்கிறன்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுதிக் குடுத்திருக்கிறன். அவங்கட 1977 நம்பருக்கு போன் அடிச்சா எப்பிடி எண்டு சொல்லுவாங்க, வாங்கி மூண்டு மாசத்துக்குள்ள எழுத்தில குடுக்கணும். என்ட கேஸ்ல இழுபடுறது பில்தான். அதில "மீன் தொட்டி 1" எண்டு மட்டும் இருக்கு, மில்லியும் இல்ல, அளவும் இல்ல. அந்தாள்ட பில் எல்லாம் அப்பிடித்தானாம், ஏறாவூர்ல இன்னொராளும் இதே மாதிரி ஒண்டத் தூக்கிக் காட்டினார்.

இப்ப ஆள் கல்முனைப் பக்கம் ஓடர் எடுக்கிறாராம். அட்வான்ஸ் குடுத்திட்டிருக்கிறாக்கள் பீடிங் ஒட்ட முதல் பட்டறைக்குப் போய் விளிம்ப அளந்து பாருங்க, அங்கயே தண்ணி நிரப்பி ரெண்டு மூண்டு நாள் நிக்கட்டும், அதுக்குப் பிறகு மிச்சக் காசக் குடுங்க. அதுக்கு ஆள் என்ன சொல்லுறார் எண்டு எனக்கும் ஒருக்கா சொல்லுங்க.