அடைக்கோழிப் பெட்டி: பெட்டி நல்லது, வலையும் கதவும் சரியில்லை

அடைக்கோழிக்கென்றே செய்தது என்று சொல்லி விற்கிற பிளாஸ்டிக் பெட்டி இது. ஒரு பக்கம் கோழி உட்காரும் அறை, அதை ஒட்டி கம்பி வலை போட்ட சின்ன முற்றம், மேலே சரிவான மூடி, அடியில் இழுத்து எடுக்கிற தட்டு. என் கறுப்புக் கோழி இதில் அடை கிடந்து குஞ்சும் பொரித்துவிட்டது. ஆகவே வேலைக்கு ஆகாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அட்டையில் அச்சடித்திருக்கும் 'முழுப் பாதுகாப்பு' என்பதை அப்படியே நம்பிவிடாதீர்கள்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். அடைக்கோழிக்குப் பகை என்றால் பாம்பும் கீரியும்தான் நினைவுக்கு வரும். அவற்றுக்கு முன்னால் தொல்லை கொடுப்பவை கூடவே வளர்கிற மற்ற கோழிகள். ஒன்று முட்டைகளோடு உட்கார்ந்திருந்தால் மற்றவற்றுக்கும் அங்கேயே முட்டையிடத் தோன்றிவிடும். முண்டியடித்து ஏறுவதில் முட்டை உடையும். உடையாவிட்டால் சிக்கல் இன்னும் பெரிது. பத்து நாள் கழித்து வந்து சேர்ந்த முட்டைக்கும் 21 நாள் சூடு வேண்டும். முதல் குஞ்சுகள் பொரிந்த ஓரிரு நாளில் தாய் அவற்றைக் கூட்டிக்கொண்டு இறங்கிவிடும். பின்னால் வந்த முட்டைகளில் உயிர் இருந்தாலும் குளிர்ந்து வீணாக வேண்டியதுதான். இந்தப் பெட்டியின் தனிக் கதவு அந்தக் கதையை அடியோடு முடித்துவிட்டது. முட்டைகளில் பென்சிலால் குறி போட்டுவைத்து, தினமும் கோழியின் அடியில் கையை விட்டு, கொத்து வாங்கிக்கொண்டே புது முட்டையைத் தேடுகிற வேலை இல்லை.

அடுத்தது, சுத்தம் செய்வது சுலபம். பகலில் மரப்பலகை இடுக்குகளில் பதுங்கியிருந்து ராத்திரி ஏறி ரத்தம் குடிக்கிற பொடிப்பூச்சி ஒன்று உண்டு. மற்ற கோழிகளாவது பகலெல்லாம் வெளியே திரியும், மண்ணில் புரண்டு இறகை உதறும். அடைக்கோழி ஒரு நாளைக்கு ஒரு தடவை, கால் மணியோ இருபது நிமிடமோதான் எழுந்து இரை எடுக்கும். மீதி நேரம் முழுக்கப் பூச்சிக்கு விருந்துதான். கொண்டை வெளுத்து, கடி தாங்காமல் முட்டையை விட்டே எழுந்து போகிற கோழிகளும் உண்டு. பழைய மரப்பெட்டிகளில் இதோடு மாரடித்தவர்களுக்கு, இடுக்கில்லாத வழவழப்பான சுவர் எவ்வளவு பெரிய நிம்மதி என்று தெரியும்.

இனி குறைகள். முற்றத்து வலையின் கண் ஒரு அங்குலம் இருக்கிறது. கோழி வெளியே போகாமல் தடுக்க அது போதும். வெளியிலிருந்து வருவதைத் தடுக்கப் போதாது. சின்னப் பாம்பு நுழையும், எலிக்குஞ்சு நுழையும். எலி முட்டையையும் விடாது, குஞ்சையும் விடாது. அரை அங்குலக் கண் வெல்டு மெஷ் வாங்கி உள்பக்கமாகச் சுற்றிக் கட்டினேன். முற்றத்துக்கு அடித்தளமே கிடையாது என்பதால், மண்ணைத் தோண்டி வருகிறவற்றைத் தடுக்கத் தரையிலும் ஒரு துண்டு விரித்தேன். இதையெல்லாம் வாங்குபவர்தான் செய்துகொள்ள வேண்டுமென்றால் அப்புறம் எதற்கு 'முழுப் பாதுகாப்பு'?

கதவுக்குக் கொடுத்திருப்பது திருகினால் சுழலும் ஒரு பிளாஸ்டிக் கட்டை. பூனை நாலு தடவை தட்டினால் திரும்பிவிடும். கம்பிக் கொக்கி போட்ட பிறகுதான் எனக்கு ராத்திரி தூக்கம் வந்தது.

காற்றுத் துளைகள் கோழி உட்காரும் உயரத்திலேயே இருக்கின்றன. காற்று நேராக முட்டையின் மேல் அடிக்கும். அவற்றை டேப் ஒட்டி மூடிவிட்டு, மூடிக்குக் கீழே புதிதாகத் துளை போட்டேன். துளையே வேண்டாம் என்று விட முடியாது. அடைக்கோழி எச்சத்தின் நாற்றம் தெரிந்தவர்கள் அப்படிச் செய்ய மாட்டார்கள்.

வெயில் படும் இடத்தில் இதை வைக்கவே கூடாது. அடைமுட்டைக்கு வேண்டிய சூடு சுமார் 37.5 டிகிரி செல்சியஸ். தாய் எழுந்து போகும் நேரத்தில் கொஞ்சம் குளிர்ந்தால் முட்டை தாங்கிக்கொள்ளும். கூடுதல் சூட்டை அப்படித் தாங்காது. பிளாஸ்டிக்கோ வெயிலில் சீக்கிரம் சூடேறும்.

தட்டும் வழுக்குகிறது. பொரித்த குஞ்சு வழுக்குத் தரையில் நின்றால் கால் இரண்டு பக்கமும் விரிந்துபோகும், அது நடக்கப் பழகவே சிரமம். பழைய சாக்கை வெட்டி அடியில் போட்டு அதன் மேல் வைக்கோல் பரப்பினால் சரி. வாசல் விளிம்பும் குஞ்சுக்கு உயரம். வெளியே இறங்கியது உள்ளே ஏற முடியாமல் கத்தும், ஒரு செங்கல்லைப் படியாக வையுங்கள்.

கூடவே வந்த காகிதத்தில் பெட்டியின் பாகங்களை எப்படிப் பொருத்துவது என்று படம் படமாகப் போட்டிருக்கிறார்கள். அடைக்கு உட்கார்ந்த கோழியை இந்தப் பெட்டிக்கு எப்போது மாற்றுவது என்று ஒரு வரி இல்லை. இருட்டிய பிறகு மாற்றுங்கள். பகலில் மாற்றினால் பழைய இடத்துக்கே ஓடும். முதலில் குஞ்சு பொரிக்காத கூமுட்டை இரண்டைக் கொடுத்து, அது அசையாமல் உட்கார்கிறதா என்று பார்த்துவிட்டு நல்ல முட்டைகளை வையுங்கள்.

ஐந்துக்கு மூன்று கொடுப்பேன். வலையையும் கொக்கியையும் அவர்களே மாற்றினால் நான்கரை. உடம்பு பெருத்த ரகக் கோழி வைத்திருப்பவர்களுக்கு உள் அறை பத்தாது. என் கோழி நடுத்தரம்தான், அதற்கே திரும்பி உட்காரும்போது வால் சுவரில் இடிக்கிறது.