எழில்: சொந்தமாக ஒரு மொழி எழுத ஆசைப்படுகிறவர்கள் திறந்து பார்க்க வேண்டிய மொழி

மூன்று மாதமாக ராத்திரி சாப்பாடு முடிந்ததும் லேப்டாப்பைத் திறந்து, எனக்கே எனக்கென்று ஒரு குட்டி நிரல் மொழி எழுதிக்கொண்டிருக்கிறேன். இன்னும் பெயர் வைக்கவில்லை. கூட்டல் கழித்தல் வந்துவிட்டது, மதிப்பைப் பெயரிட்டு வைத்துக்கொள்ளும் "மாறி" வந்துவிட்டது, "இப்படி இருந்தால் இதைச் செய்" என்ற இடத்தில் வந்து நின்றேன். தமிழில் அதை எப்படி எழுதுவது? ஆங்கிலச் சொல்லுக்குப் பதிலாக ஒரு தமிழ்ச் சொல்லை வைத்துவிட்டால் போதும் என்றுதான் முதலில் நினைத்தேன். எழுதிப் பார்த்தால் வாக்கியம் தலைகீழாக நின்றது. அப்போதுதான் எழிலை இறக்கி, ஓட்டிப் பார்த்ததோடு நிற்காமல் உள்ளே இருக்கும் நிரலையும் படித்தேன்.

தெரியாதவர்களுக்கு: எழில் என்பது முத்து அண்ணாமலை உருவாக்கிய தமிழ் நிரலாக்க மொழி. தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைகளுக்கு நிரல் எழுதச் சொல்லிக்கொடுப்பது நோக்கம். 2009-லேயே இதைப் பற்றி ஆய்வுக் கட்டுரைகளை வெளியிடும் ஆர்கைவ் (arXiv) தளத்தில் கட்டுரை வந்திருக்கிறது. திறந்த மூலம், இலவசம், பைத்தான் என்ற நிரல் மொழியில் எழுதப்பட்டது. அந்தப் பைத்தானே 1989 கிறிஸ்துமஸ் விடுமுறையில் கைடோ வான் ரோசம் பொழுதுபோக்காகத் தொடங்கியதுதான், அதனால் "வேலை மெனக்கெட்டு இதெல்லாம் எதற்கு" என்று வீட்டில் கேட்டால் எனக்குச் சொல்ல ஒரு பதில் இருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எழிலில் ஒரு நிபந்தனை இப்படி இருக்கும்:

@( எண் > 10 ) ஆனால்
    பதிப்பி "பெரியது"
இல்லை
    பதிப்பி "சிறியது"
முடி

முதல் வரியை வாய்விட்டுப் படியுங்கள். நிபந்தனை முன்னால் வருகிறது, "ஆனால்" பின்னால் வருகிறது. "மழை பெய்தால்" என்பதில் "ஆல்" கடைசியில் ஒட்டுகிற மாதிரியே. நான் மூன்று நாள் முட்டிக்கொண்டிருந்த இடம் இதுதான், இவர்கள் அதை ஒரே வரியில் முடித்திருக்கிறார்கள். திரும்பத் திரும்பச் செய்யச் சொல்லும் சுழற்சிக்கும் அதே கதை: @( எண் < 5 ) வரை.

அந்த @ எதற்கு என்று முதலில் எனக்குப் புரியவில்லை, பார்க்கவும் கொஞ்சம் உறுத்தியது. நிரல் வரிகளைப் பிரித்துப் பொருள் காணும் பகுதியான பார்சரைப் படித்தபோதுதான் விளங்கியது. ஆங்கில வழி மொழிகளில் வரியின் முதல் சொல்லைப் பார்த்ததுமே பார்சருக்கு "இது நிபந்தனை" என்று தெரிந்துவிடும். தமிழ் வழியில் கடைசிச் சொல் வரும்வரை தெரியாது, நிபந்தனையா சுழற்சியா சும்மா ஒரு கணக்கா என்று காத்திருக்க வேண்டும். அதனால் முன்னால் ஒரு @ போட்டு "பின்னால் ஒரு சொல் வருகிறது, பொறு" என்று சொல்லிவைக்கிறார்கள். அடைப்புக்குள் இருக்கும் கோவையை, அதாவது கணக்கை அல்லது ஒப்பீட்டைப் படித்து முடித்த பிறகு அடுத்து வருவது ஆனாலா வரையா என்று பார்த்துப் பிரிகிறது. ஒரே ஒரு குறி, மொத்தச் சிக்கலும் தீர்ந்தது. இதைக் கண்ட அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

எனக்கு ஒப்பாத இடங்களும் உண்டு. நிபந்தனையில் வினை கடைசியில் வருகிறது, ஆனால் "பதிப்பி" முதலில் வருகிறது, விடையைத் திருப்பித் தரச் சொல்லும் "பின்கொடு" முதலில் வருகிறது. "வணக்கம்" பதிப்பி என்று வைத்திருந்தால் ஒரே சீராக இருந்திருக்கும். அப்புறம் அந்த "வரை". "எண் < 5 வரை" என்பதை எண் 5-க்குக் கீழே இருக்கும் வரை என்றும் படிக்கலாம், 5-க்குக் கீழே வரும் வரை என்றும் படிக்கலாம், இரண்டும் நேர் எதிர். எழிலில் முதல் பொருள்தான். இன்னொன்று, எட்டாம் வகுப்பு படிக்கும் அண்ணன் மகளிடம் மேலே உள்ள நிரலைக் காட்டினேன். முதல் வரியைப் படித்துவிட்டு, "ஆனா என்ன, சித்தப்பா?" என்று கேட்டாள். அவளுக்கு "ஆனால்" என்றால் அடுத்து ஒரு மறுப்பு வர வேண்டும். "எனில்" என்று மாற்றி எழுதிக் காட்டினேன், உடனே பிடித்துக்கொண்டாள். என் மொழியில் "எனில்" என்றும் "இருக்கும்வரை" என்றும்தான் வைத்திருக்கிறேன்.

வேகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். எழில், நிரலைக் கிளை கிளையாகப் பிரித்து ஒரு மரமாக்கி, அந்த மரத்தின் மேல் பைத்தான் ஏறி இறங்கி ஓட்டுகிற வகை. ஃபிபொனாச்சி வரிசையில் (ஒவ்வொரு எண்ணும் முந்தைய இரண்டின் கூட்டல்) 25-ஆவதை நேரடித் தன்னழைப்பில், அதாவது ஒரு செயற்கூறு தன்னையே அழைத்துக் கணக்கிட்டால் 2,42,785 அழைப்புகள் ஆகும், ஒவ்வொன்றுக்கும் இந்த ஏறி இறங்கல் நடக்கும். பெரிய கணக்கு போட இது ஆகாது. பாடம் சொல்லிக்கொடுக்கவும் படித்துப் பார்க்கவும் தாராளமாகப் போதும்.

தமிழ் எழுத்துகளை நிரலில் கையாள உதவும், அதே குழுவின் ஓபன்-தமிழ் நூலகத்தையும் சேர்த்துப் பாருங்கள், அது இல்லாமல் நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். நிரலைச் சொல் சொல்லாக வெட்டும் பகுதியான என் லெக்ஸரில், எழுத்தா இல்லையா என்று பார்க்கப் பைத்தானின் வழக்கமான எழுத்துச் சோதனையைப் போட்டிருந்தேன். "பதி" என்ற மாறியில் ப எழுத்து, த எழுத்து, ஆனால் இகரக் கொக்கி எழுத்து இல்லை என்று சொல்லிவிட்டது. எழுத்துக்கும் குறிக்கும் எண் குறியீடு தரும் யூனிகோடில் உயிர்க்குறிகளும் புள்ளியும் எழுத்து வகையில் வராது, சேர்குறி வகை. பெயராக வைக்கலாமா என்று கேட்கும் வேறொரு சோதனை பைத்தானிலேயே இருக்கிறது, அது உயிர்க்குறியை ஏற்றுக்கொள்ளும். அதற்கு மாறினேன். மறுவாரம் "கொடி" என்று ஒரே மாதிரி தெரிந்த இரண்டு மாறிகள் வேறு வேறு மதிப்பைக் காட்டின. ஒன்றில் ஒகரக் குறி ஒற்றைக் குறியீடாக இருந்தது, இன்னொன்றில் ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனியாக, ஆக ஒன்று நான்கு குறியீடு, மற்றது ஐந்து. கண்ணால் பார்த்தால் வித்தியாசமே தெரியாது. படித்ததும் இரண்டையும் ஒரே வடிவத்துக்கு மாற்றிவிடுகிற ஒரு வரி சேர்த்தேன், தீர்ந்தது. தமிழ்ச் சொல்லை எழுத்து எழுத்தாகப் பிரிப்பதற்கு ஓபன்-தமிழில் தயாராகவே செயற்கூறு இருக்கிறது, "கொடி" என்று கொடுத்தால் கொ, டி என்று இரண்டு எழுத்தாகத் தரும்.

யாருக்கு இதைச் சொல்வேன்? வேலைக்கு மொழி தேடுகிறவர்களுக்கு இல்லை. வீட்டில் பத்து வயதுப் பிள்ளை இருந்தால் ஒரு மாலை உட்கார்ந்து ஓட்டிக் காட்டலாம், தட்டச்சு செய்யத் தமிழ் விசைப்பலகை பழகியிருந்தால் நல்லது. சொந்த மொழி எழுதுகிறவர்கள் கட்டாயம் படியுங்கள், எனக்கு இரண்டு வார இறுதிகள் ஆயின. முதல் பக்கத்திலிருந்து தொடங்காதீர்கள். பார்சர் கோப்பைத் திறந்து @ வருகிற இடத்தைத் தேடி, அங்கிருந்து இரண்டு பக்கமும் படித்துக்கொண்டு போங்கள்.